கரண்டு எங்கே போகிறது

குன்னூரில் மருதாம்பாளை 'ஹேண்டில்காரி' என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். என் காதில் விழும்படி சொல்லமாட்டார்கள். சொன்னால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். என் பெயர் எல்சா. பஸ் ஸ்டாண்டுக்குக் கீழே சந்து திரும்புகிற இடத்தில் பேட்டரி சார்ஜ் போடுகிற கடை என்னுடையது. அப்பா விட்டுப்போன கடை. கூடவே அவருடைய வாயையும் எனக்கு விட்டுப்போனார் என்று என் வீட்டுக்காரர் பெனிஸ் சொல்வார். அவருக்கு அருவங்காட்டில் வெடிமருந்து ஃபேக்டரியில் வேலை. அங்கே போகும்போது வராத பயம் வீட்டுக்குத் திரும்பும்போது வருகிறது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

மருதாம்பாள் என் கடையில்தான் இருக்கிறாள். பழைய வண்டிகளின் ஒயரிங் முழுக்க அவள் கையில். துரைமார் காலத்து வண்டிகள் இந்த மலையில் எத்தனையோ ஷெட்டுகளில் இன்னும் கிடக்கின்றன. கோடை சீசன் வந்தால் அவற்றைத் துடைத்து மெருகேற்றி ஊட்டியில் ஊர்வலம் விடுகிற பணக்காரர்கள் இருக்கிறார்கள். மெருகு யார் வேண்டுமானாலும் ஏற்றலாம். உள்ளே எலி கடித்துப்போட்ட ஒயரை யார் பார்ப்பது? அதற்கு லவ்டேலிலிருந்தும் கோத்தகிரியிலிருந்தும் இவளைத் தேடி வருவார்கள். வந்தவர்களிடம் இவள் அதிகம் பேசமாட்டாள். டெஸ்ட் லேம்பை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துவிடுவாள்.

போன வருஷம் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் மனைவியோடு வந்தார். ஹாரன் தானாக அலறுகிற வண்டி. காத்திருந்த நேரத்தில் அந்த அம்மாள் ஏதோ கேட்க, இவர் அவள் கையைப் பிடித்து முறுக்கி, வாயை மூடு என்றார். வண்டிக்கு அடியிலிருந்து ஒரு ஸ்பேனர் பறந்து வந்தது. அவருக்கு உதட்டில் தையல் போட்டார்கள். ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் மருதாவிடம், "கை தவறிருச்சுன்னு சொல்லு புள்ள" என்றேன். "பல்லைப் பார்த்துத்தானுங்க்கா வீசினேன், உதட்டுல பட்டிருச்சு. அந்த மட்டுக்கும் தவறுனதுதான்" என்றாள். இன்றைக்கு இப்படி இருக்கிறவள் ஒருகாலத்தில் எப்படி இருந்தாள் என்பதை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். பாதிப் பேர் அன்றைக்கு எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டு ஜன்னலுக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தவர்கள். அந்த வாய்களை மூடுவதற்காகவாவது நடந்ததை நான் சொல்லவேண்டியிருக்கிறது.

மருதாவின் அம்மா வீடு தேவர்சோலைப் பக்கம். அம்மா சுலோச்சனா தேயிலை பறிக்கிறவர், மகளும் பள்ளிக்கூடம் முடித்ததும் கூடையைத் தூக்கிக்கொண்டவள். குன்னூருக்கு மேலே ஒரு எஸ்டேட் லைனிலிருந்து சஞ்சய் பெண் கேட்டு வந்தான். வரும்போது கறுப்பு வண்டியில் வந்தான். அதைப் பார்த்துத்தான் சுலோச்சனா அம்மாள் மயங்கிவிட்டார் என்பது என் எண்ணம்.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சஞ்சயின் அப்பா எஸ்டேட் மேனேஜருக்கு டிரைவராக இருந்தவர். மேனேஜர் ஊரைவிட்டுப் போகும்போது அந்தச் சீமை வண்டியை டிரைவருக்கே கொடுத்துவிட்டுப் போனாராம். நீண்ட மூக்கு, உருண்டை உருண்டையாக ஹெட்லைட், உள்ளே சிவப்புத் தோல் சீட்டு. மற்ற வண்டிகளில் பேட்டரி முன்னால் இன்ஜின் பக்கம் இருக்கும், இதில் பின்னால் டிக்கிக்குள் இருக்கும். அப்பா செத்தபிறகு சஞ்சய் அதைக் கல்யாண ஊர்வலத்துக்கும், போட்டோ எடுத்துக்கொள்கிற டூரிஸ்ட்டுகளுக்கும் வாடகைக்கு ஓட்டினான். வண்டியில் ஏறிவிட்டால் அவனுக்குத் தான்தான் மேனேஜர் என்ற நினைப்பு வந்துவிடும். வேறு எவனையும் அதில் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் திருப்ப விடமாட்டான். எல்லாம் ஒரிஜினல், எதையும் கழற்றக்கூடாது.

கல்யாணமான அந்த வருஷம் மழை பிய்த்து எடுத்தது. டிக்கியின் ஓரத்தில் இருந்த ரப்பர் இற்றுப்போய் உள்ளே தண்ணீர் இறங்கியது. ஒரிஜினல் பேசுகிற சஞ்சய், ஒரு சைக்கிள் டியூபை வெட்டி மூடியைச் சுற்றி ஒட்டினான். மூடியை இரண்டு கையாலும் அழுத்தித்தான் பூட்டவேண்டும், ஆனால் ஒரு சொட்டு உள்ளே போகாது. பெருமையாக என்னிடமே காட்டினான்.

அதற்குப் பிறகுதான் வண்டி காலையில் கிளம்பாமல் படுத்துக்கொள்ள ஆரம்பித்தது. சார்ஜ் போட்ட பேட்டரி ஒரு ராத்திரி தாங்கும், அடுத்த ராத்திரி தாங்காது. காலையில் செல்ஃப் எடுக்காது. சஞ்சயின் மூளை என்ன கணக்குப் போட்டது தெரியுமா? இவள் வந்த வருஷம் வண்டியில் கரண்டு போச்சு, ஆகவே இவள்தான் காரணம். ராசி கெட்டவள். இதை அவன் ரகசியமாக நினைத்துக்கொள்ளவில்லை, டீக்கடையில் உட்கார்ந்து சொன்னான். கேட்டவர்களும் ஆமாம் போட்டார்கள். நாசமாய்ப் போனவர்கள்.

எங்கள் மலையில் வண்டி வைத்திருக்கிறவன் எவனும் சரிவு பார்த்துத்தான் நிறுத்துவான். மூக்கைப் பள்ளத்தைப் பார்க்க வைத்துச் சக்கரத்துக்கு ஒரு கல்லைக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போவான். காலையில் கல்லை உருவிவிட்டால் வண்டி உருளும், உருளும்போது கிளட்சை விட்டால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். வியாதி என்ன என்று பார்க்காமல் சரிவைக் கொண்டு சமாளிக்கிற புத்தி இது. சமவெளிக்காரனாக இருந்தால் முதல் வாரத்திலேயே ஒயரைப் பிரித்துப் பார்த்திருப்பான். இங்கே சரிவு இருக்கிறவரைக்கும் யாரும் எதையும் பார்ப்பதில்லை. சஞ்சய் வீட்டில் கல்லை உருவுகிற வேலை மருதாவுடையது. சில நாள் இவளை ஸ்டீயரிங்கில் உட்காரவைத்து அவன் பின்னாலிருந்து தள்ளுவான். அப்படித்தான் கிளட்சும் பிரேக்கும் இவள் காலுக்குப் பழகின.

பேட்டரி கொஞ்சம் இளைத்திருந்தால் உருட்டினால் போதும். முழுக்கச் செத்துவிட்டால் எத்தனை உருட்டினாலும் பிளக்கில் பொறி வராது. அப்படிப்பட்ட காலைகளில் வண்டி சரிவின் அடியில் போய்ச் செத்து நிற்கும். சஞ்சய் இறங்குவான். ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஃபேன் பெல்ட் வைத்திருந்தான், அது இன்ஜினுக்கு இல்லை. லைன் வீடுகள் அத்தனையும் பார்த்துக்கொண்டிருக்க அந்தச் சரிவின் அடியில் வைத்து அவளை அடிப்பான். முதுகில் அடிப்பான், தொடையில் அடிப்பான், விழுந்தால் உதைப்பான். அடித்து முடித்துவிட்டு டிக்கியைத் திறந்து பேட்டரியைக் கழற்றி அவள் தலையில் ஏற்றிவிடுவான். அவள் அந்தக் கனத்தைத் தூக்கிக்கொண்டு மலையிறங்கி என் கடைக்கு வருவாள். ஆசிட் சிந்திச் சேலை பொத்தலாகியிருக்கும். முகத்தைப் பார்த்தால் எந்தப் பக்கம் வீங்கியிருக்கிறது என்று தெரியும்.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்கவேண்டாம். ஒரு தடவை சஞ்சய் கடைக்கு வந்தபோது, அவள்மேல் கை வைத்தால் பேட்டரியை இனிமேல் தொடமாட்டேன் என்று கத்திவிட்டேன். சட்டையைப் பிடித்தேன். அவன் சட்டையை உதறிக்கொண்டு போய்விட்டான். மறுநாள் அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். "நீங்க பேசாதீங்கக்கா, அதுக்கும் சேர்த்து எனக்குத்தான் விழுது" என்றாள். அதற்குமேல் நான் என்ன செய்ய?

வண்டியைச் சரிபார்க்கத்தான் முடிந்தது. சஞ்சயே சம்மதித்து வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திய நாட்களில் நான் பார்த்தேன். கரண்டு எங்காவது ஒழுகுகிறதா என்று பார்ப்பது பெரிய வித்தை இல்லை. பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றி, நடுவில் ஒரு பல்பை வைக்கவேண்டும், அதுதான் டெஸ்ட் லேம்ப். எல்லா சுவிட்சும் அணைந்திருக்கும்போது அந்தப் பல்பு எரிந்தால் எங்கேயோ ஒழுகுகிறது. வைத்தேன், எரிந்தது. பேட்டரி டிக்கியில் இருப்பதால் டிக்கி திறந்திருக்கிறது, திறந்திருப்பதால் டிக்கிக்குள் இருக்கிற குட்டி லைட்டும் எரிகிறது, அதுதான் இழுக்கிறது. அந்தக் குட்டி பல்பைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தேன். டெஸ்ட் லேம்ப் அணைந்துவிட்டது. "வேற ஒழுக்கு இல்லை" என்றேன். குட்டி பல்பை மறுபடி மாட்டிவிட்டேன்.

பக்கத்தில் நின்ற மருதா கேட்டாள், "இந்த லைட்டு பரவாயில்லீங்களா?"

"அது டிக்கி லைட்டு புள்ள. திறந்தா எரியும், மூடுனா அணைஞ்சுரும். அதுக்குன்னு ஓரத்துல ஒரு பொத்தான் இருக்குது பாரு, மூடி அதை அழுத்தும்."

ஒழுக்கு இல்லையென்றால் சார்ஜ் ஏறவில்லை என்று அர்த்தம். டைனமோவைக் கோயம்புத்தூர் அனுப்பிக் காயில் சுற்றினார்கள். டைனமோவிலிருந்து பேட்டரிக்குக் கரண்டைத் திறந்துவிடுகிற கட்-அவுட்டைச் சுரண்டினேன். எலி கடித்த துணி ஒயரையெல்லாம் மாற்றினேன். எர்த் பட்டையைத் தேய்த்து முறுக்கினேன். ஒவ்வொரு தடவையும் இரண்டு ராத்திரி கழித்து அவள் பேட்டரியோடு வந்து நின்றாள்.

ஒரு ஜனவரி மாதம் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்த காலை. வண்டி கிளம்பவில்லை. சஞ்சய் அவள் வயிற்றில் உதைத்தான். அப்போது அவளுக்கு நாலாவது மாதம். கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரியில் நான்தான் கூட இருந்தேன். படியில் வழுக்கி விழுந்தேன் என்று டாக்டரிடம் சொன்னாள். டாக்டர் எழுதிக்கொண்டார். பெல்ட் தடம் படியில் விழுந்தால் வருமா என்று கேட்கவில்லை. பஸ் ஏற்றித் தேவர்சோலைக்கு அனுப்பினேன். சுலோச்சனா அம்மாள் பத்து நாள் கஞ்சி காய்ச்சிக் கொடுத்து, அனுசரித்துப் போ என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

அடுத்த தடவை முழுகாமல் இருந்தபோது அவள் பேட்டரி இல்லாமல் என் கடைக்கு வந்தாள். என்னிடம் ஒன்று கேட்பதற்காகவே வந்தாள்.

"எல்சாக்கா, எனக்கு ஒரு டெஸ்ட் லேம்ப் பண்ணித் தாங்க."

"உனக்கு எதுக்கு?"

"இந்தத் தடவை வண்டி ஸ்டார்ட் ஆகணுமுங்க. ஆகலைன்னா இதுவும் போயிருமுங்க."

வயிற்றில் கை வைத்துக்கொண்டு மளிகைக் கடையில் சாமான் கேட்கிற குரலில் கேட்டாள். ஒரு பல்பு ஹோல்டரில் இரண்டு ஒயரைப் பிடித்துக் கொடுத்தேன். சஞ்சய் வெளியே போன நேரமெல்லாம் அவள் வண்டியைத் திறந்து, நான் செய்ததைப் பார்த்துப் பார்த்து மனதில் வாங்கியிருந்ததையெல்லாம் செய்தாள். எந்த ஒயர் எங்கே போகிறது என்று நிறத்தை வைத்துக் கண்டுபிடித்தாள். அவளும் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு, குட்டி பல்பைக் கழற்றிவிட்டுத்தான் பார்த்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை. வயிறு மட்டும் வளர்ந்துகொண்டு வந்தது.

வெல்லிங்டன் பக்கம் ஒரு சர்ச்சில் திங்கட்கிழமை கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருகிற கூட்டமெல்லாம் தன் வண்டியைப் பார்க்கட்டும் என்று சஞ்சய் சனிக்கிழமையே கொண்டுபோய்ச் சர்ச் வாசலில் நிறுத்திவிட்டான். ஜம்பம். திங்கட்கிழமை மாப்பிள்ளையும் பெண்ணும் வெளியே வந்து ரோஜா மாலையோடு சிவப்பு சீட்டில் உட்கார்ந்தார்கள். சஞ்சய் பட்டனை அழுத்தினான். வண்டியிடமிருந்து ஒரு முனகல்கூட இல்லை. மாப்பிள்ளை வீட்டுப் பையன்கள் தள்ளினார்கள். சர்ச் வாசல் சமதளம். கோட்டு போட்டவர்கள் வியர்த்துப்போனார்கள். சுற்றி நின்றவர்கள் சிரித்துக்கொண்டே ஃபோனில் படம் பிடித்தார்கள். கடைசியில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் காய்கறி வேனின் முன் சீட்டில் ஏற்றி அனுப்பினார்கள். பெண்ணின் அப்பா எல்லார் முன்னாலும் சஞ்சயை அறைந்தார்.

மத்தியானம் அவன் ஆட்டோவில் பேட்டரியை என் கடைக்குக் கொண்டுவந்தான். கன்னத்தில் தடம் இருந்தது. சார்ஜ் ஏறுகிறவரை ஸ்டூலில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கத்துகிறவன் கத்தாமல் இருந்தால்தான் எனக்குப் பயம்.

"சஞ்சய், அவ மாசமா இருக்கா. அவளை ஒண்ணும் பண்ணிராத" என்றேன்.

"என் ஊட்டு விசயமுங்க" என்று சொல்லிவிட்டுப் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு போனான்.

மருதாவுக்கு ஃபோன் போட்டேன். போகவில்லை. அவன் அதை முந்தின வாரமே சுவரில் அடித்து உடைத்திருந்தான் என்பது எனக்குத் தெரியாது. பெனிஸ் ஷிஃப்டில் இருந்தார். ஒரு லாரி பேட்டரிக்காரர் வந்து நின்று உயிரை எடுத்தார். அவரை அனுப்பிவிட்டுக் கடையைப் பூட்டச் சாயங்காலமாகிவிட்டது.

மேலே நடந்தது இது. அவள் எனக்குச் சொன்னபடியே சொல்கிறேன். சஞ்சய் வண்டியை ஓட்டிவந்து சரிவில் நிறுத்தினான். கல்லைக் கொடு என்றான். அவள் குனிந்து சக்கரத்துக்குக் கல் கொடுக்கும்போதே முதுகில் பெல்ட் விழுந்தது. அவள் வயிற்றை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு சுருண்டாள். முகத்தில் அடித்தான், மூக்கு உடைந்தது. முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் டிக்கியைத் திறந்தான். "கரண்டைத் திங்கிறவளே, அதுகூடவே கிட" என்று தூக்கி உள்ளே போட்டு மூடியை அழுத்திப் பூட்டினான். சாவி கையில் சுற்ற, டாஸ்மாக்கைப் பார்த்து நடந்தான். அவள் உள்ளேயிருந்து தட்டினாள். லைனில் ஒரு கதவு திறந்து மறுபடி மூடிக்கொண்டதாம். அது யார் வீட்டுக் கதவு என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். இன்றைக்கும் அந்தக் கதவுக்காரி என்னைப் பார்த்தால் ரோட்டின் அந்தப் பக்கம் போவாள்.

மூடி மேலே இறங்கும்போது மருதா இருட்டுக்குப் பயந்து கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். ஆசிட் நாற்றம். அடியில் துருப்பிடித்த ஓட்டை ஒன்றிலிருந்து குளிர்காற்று வந்தது, அதற்கு நேரே வாயை வைத்து மூச்சு விட்டாள். வயிற்றுக்குள் பிள்ளை அசைகிறதா என்று காத்திருந்தாள். அசைந்தது. அப்புறம்தான் கண்ணைத் திறந்தாள்.

உள்ளே வெளிச்சமாக இருந்தது.

முதலில் கடவுளே என்று நிம்மதியாக இருந்ததாம். பேட்டரி தெரிகிறது, ஜாக்கி தெரிகிறது, தன் கையில் ரத்தம் தெரிகிறது. கொஞ்ச நேரம் அந்தக் குட்டி பல்பையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். திறந்தால் எரியும், மூடினால் அணைந்துவிடும் என்று எல்சாக்கா சொன்னாங்களே. மூடித்தானே இருக்கிறது. ஓரத்தில் இருக்கிற பொத்தானைப் பார்த்தாள். சைக்கிள் டியூப் தடிமனாக நடுவில் நின்றதால் மூடி நகக்கண் அளவுக்கு மேலேயே நின்றுவிட்டது. பொத்தானைத் தொடவில்லை. டியூப் ஒட்டிய நாளிலிருந்து ராத்திரி முழுக்க, பகல் முழுக்க, யாரும் பார்க்காத இடத்தில் இந்தப் பல்பு எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. மூடியிருக்கும்போது உள்ளே யார் பார்த்தார்கள்?

"இம்புட்டு நாளா நீதானா. என் புள்ளையத் தின்னது நீதானா" என்று அந்தப் பல்பைப் பார்த்து அழுதாளாம். அழுகையோடு சந்தோஷமும் வந்ததாம். இதை அவள் சொல்லும்போது என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சந்தோஷம் எதற்கென்றால், கண்டுபிடித்துவிட்டாளே. இதை அவனிடம் சொல்லிவிட்டால் போதும். வண்டி தினமும் கிளம்பும். அடி நின்றுவிடும். பிள்ளை பிழைத்துக்கொள்ளும். எப்போது வந்து திறப்பான், எப்போது சொல்லலாம் என்று காத்துக்கொண்டு கிடந்திருக்கிறாள்.

வெயில் சாய்கிற நேரத்தில் அவன் வந்தான். பூட்டு திரும்பியது. மூடி பாதி எழும்பும்போதே அவள் சொன்னாள்.

"ஏனுங்க, கண்டுபிடிச்சிட்டனுங்க. டிக்கி லைட்டுங்க. மூடினாலும் எரியுதுங்க. நீங்க ஒட்டுன டியூபை எடுத்துட்டா சரியாயிருமுங்க."

சஞ்சய் பல்பைப் பார்க்கவில்லை. பொத்தானைப் பார்க்கவில்லை. "என் வண்டியைப் பத்தி எனக்கே சொல்றயாடி" என்றான். உள்ளே குனிந்து அவள் வயிற்றில் குத்தினான்.

அந்தக் குத்து விழுந்தபோதுதான் அவளுக்குப் புரிந்தது. வண்டி தினமும் கிளம்பினாலும் இவன் அடிப்பான். வண்டியே இல்லாமல் போனாலும் அடிப்பான். இத்தனை நாள் ஒயர் ஒயராகத் தேடியதெல்லாம் தப்பான இடம்.

இன்ஜினைக் கையால் சுற்றி ஸ்டார்ட் பண்ணுகிற இரும்பு ஹேண்டில் அவள் இடுப்புக்குக் கீழேதான் குத்திக்கொண்டு கிடந்தது. இரண்டாவது குத்துக்கு அவன் கையை ஓங்கியபோது அவள் அதை எடுத்து அந்தக் கையில் அடித்தாள். எலும்பு உடைந்த சத்தம் லைன் கடைசி வரைக்கும் கேட்டதாம். அவன் அலறிக்கொண்டு முன்னால் மடிந்து பாதி உடம்பு டிக்கிக்குள் விழுந்தான். அவள் அவன் முதுகின்மேல் ஏறி வெளியே வந்தாள். அவன் காலை உதைத்தான். முட்டியில் ஒன்று போட்டாள். அது போதாது என்று அதே முட்டியில் இன்னொன்று போட்டாள். ஒவ்வொரு ஃபேன் பெல்ட் அடியும் ஞாபகத்துக்கு வந்ததாம், ஆனால் தலையில் மட்டும் அடிக்கவில்லை. தினமும் இலை மூட்டை தூக்குகிறவளுக்கு அவன் ஒரு கனமா? இரண்டு காலையும் மடக்கி உள்ளே தள்ளி, மூடியின்மேல் ஏறி உட்கார்ந்து அழுத்திப் பூட்டி, பூட்டில் தொங்கிய சாவிக்கொத்தை உருவிக்கொண்டாள்.

இப்போது லைனில் எல்லாக் கதவும் திறந்துகொண்டன. அடியே, புருஷனைக் கொன்னுட்டாளே என்று கூப்பாடு. பெண்டாட்டியைப் பூட்டியபோது அடைத்துக்கொண்ட தொண்டைகள். இரண்டு ஆம்பளைகள் கிட்டே வந்தார்கள். ஹேண்டிலை ஓங்கினாள், நின்றுவிட்டார்கள். அவள் சக்கரத்திலிருந்து கல்லை உருவினாள். உருளுகிற வண்டியில் தாவி ஏறிச் சாவியைத் திருப்பினாள். செல்ஃப் பட்டனை அவள் தொட்டதே இல்லை, அவளுக்குத் தெரிந்தது சரிவுதான். பாதிச் சரிவில் கிளட்சை விட்டாள். இன்ஜின் பிடித்துக்கொண்டது.

நான் கடை ஷட்டரை இழுத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கறுப்பு வண்டி முதல் கியரிலேயே கத்திக்கொண்டு, ஒரு பக்கம் மதில் சுவரை உரசிக்கொண்டு சந்துக்குள் இறங்கி வந்தது. என் வாசலில் முட்டி நின்றது. மருதா இறங்கினாள். மூக்கிலிருந்து நெஞ்சு வரை ரத்தம் காய்ந்திருந்தது. ஒரு கையில் ஹேண்டில், இன்னொரு கை வயிற்றில்.

அப்புறம் வந்த போலீஸ், கேஸ் எல்லாவற்றையும் இங்கேயே சொல்லித் தொலைத்துவிடுகிறேன். கேஸ் அவன்மேலும் போட்டார்கள், இவள்மேலும் போட்டார்கள். ஆஸ்பத்திரியில் இந்தத் தடவை படியில் வழுக்கி விழுந்ததாக அவள் சொல்லவில்லை, சொல்ல நான் விட்டிருக்கவும் மாட்டேன். கோர்ட்டில் அவன் தரப்புச் சாட்சியாக லைனிலிருந்து நாலு பேர் வந்தார்கள், மேஜிஸ்திரேட் அம்மா மருதாவின் முதுகு போட்டோவைப் பார்த்தபிறகு அவர்களிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், அன்றைக்கு மத்தியானம் எங்கே இருந்தீர்கள் என்று. சஞ்சய் இப்போது மேட்டுப்பாளையத்தில் இருக்கிறான், முட்டி மடங்காது, வண்டி ஓட்ட முடியாது. சுலோச்சனா அம்மாள் பேத்தியைப் பார்க்க வந்தார், மருதா டீ கொடுத்து அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். பேத்தி பெயர் மனிஷா. முழு மாதத்தில் பிறந்தாள். என் கடை ஸ்டூலில் ஏறி நின்று என்னையே அதட்டுகிறாள்.

ஆனால் அன்றைக்கு வாசலில் அவள் வந்து நின்றபோது இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? பதறிப்போய் அவளைப் பிடித்தேன். அவள் கண் மட்டும் தெளிவாக இருந்தது.

"எல்சாக்கா, கரண்டு எங்க போகுதுன்னு தெரிஞ்சிருச்சுங்க. டிக்கி லைட்டு. மூடினாலும் எரிஞ்சுட்டே இருக்குது."

"உளறாத புள்ள. அது எப்படி எரியும்? மூடியிருக்கறப்ப எரியுதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் உள்ள இருந்தனுங்க."

எனக்கு அது மண்டையில் ஏறச் சற்று நேரம் பிடித்தது. அதற்குள் டிக்கிக்குள்ளிருந்து யாரோ தட்டுகிற சத்தம் கேட்டது. நான் பூட்டைத் திறக்கப் போனேன். அவள் குறுக்கே ஹேண்டிலை வைத்தாள்.

"இருங்க. உங்களுக்கு நம்பிக்கை இல்லைன்னா உள்ள ஆள் இருக்கு. கேட்டுப் பாருங்க."

சந்தில் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. நான் குனிந்து மூடியில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

"சஞ்சய். உள்ள லைட் எரியுதா?"

தட்டுகிற சத்தம் நின்றது. உள்ளே மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அப்புறம், எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி அவன் குரல் வந்தது.

"எரியுதுங்க."

மருதா ஹேண்டிலைக் கீழே வைத்துவிட்டு என் கடைப் படியில் உட்கார்ந்தாள்.

"இதைத்தானுங்க்கா நானும் சொன்னேன்" என்றாள்.